இறக்கையில ஐஸ் பிடிச்சா வேடிக்கை பாக்காதீங்க

நான் சின்ன ப்ளேன் ஓட்டுறேன்னு தெரிஞ்சவுடனே ஊர்ல இருந்து பேசுற சொந்தக்காரங்க எல்லாம் கேக்குற முதல் கேள்வி, "இன்ஜின் நின்னுட்டா என்னப்பா பண்ணுவ?" உண்மையைச் சொன்னா அதுக்கு நான் அவ்ளோவா பயப்படுறதில்ல. இன்ஜின் நின்னா நான் ஓட்டுற செஸ்னா 172 ஒரு சுமாரான க்ளைடர், ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்றரை மைல் கணக்குல மிதந்து போகும், இங்க அமெரிக்காவுல மிச்சிகன்ல எங்க பாத்தாலும் சோளக்காடு, ஏதோ ஒண்ணுல இறக்கிடலாம். அதை இன்ஸ்ட்ரக்டரோட உக்காந்து த்ராட்டிலை இழுத்து வெச்சு பல தடவை பழகியும் இருக்கோம். ஐஸ் அப்படி இல்ல. அதைப் பழகிப் பாக்கவே முடியாது, ஏன்னா எங்க மாதிரி ப்ளேனை தெரிஞ்சே ஐஸுக்குள்ள கொண்டு போறது தப்பு, பேனல்லயே ஒட்டியிருக்கு. அதனால முதல் தடவை பாக்குறப்போ அது நிஜமாவே நடந்துட்டு இருக்கும்.

வெளியில இருந்து பாக்குறவங்க ஐஸ் படிஞ்சு வெயிட் ஏறி ப்ளேன் விழுந்துடும்னு நினைக்கிறாங்க. வெயிட் ஒரு விஷயம்தான், ஆனா பெரிய வில்லன் அது இல்ல. இறக்கையோட வடிவம்தான் அதைத் தூக்குது, ஐஸ் அந்த வடிவத்தைக் கெடுக்குது. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ பைலட்டுங்களுக்கு சொல்ற ஒரு கணக்கு இருக்கு: இறக்கையோட முன் விளிம்புலயும் மேல்பக்கத்துலயும் உப்புத்தாள் அளவு தடிமன்ல, அதே சொரசொரப்புல பனி இருந்தாலே போதும், லிஃப்ட், அதாவது இறக்கை தூக்குற விசை, 30 சதவீதம் வரைக்கும் குறையும், இழுவை 40 சதவீதம் வரைக்கும் கூடும். கையால தடவிப் பாத்தாத்தான் தெரியும் அந்த அளவு பனி. இதுல இன்னொரு கொடுமை, இறக்கை தூக்குறதை நிறுத்திடுற ஸ்டால் கோணமும் குறைஞ்சிடும், அதாவது ப்ளேன் வழக்கமா எச்சரிக்கிற வேகத்துக்கு முன்னாடியே இறக்கை கைய விரிச்சிடும். 172ல ஸ்டால் ஹார்ன்ங்கிறது இடது இறக்கை முன் விளிம்புல இருக்குற ஒரு ஓட்டை, அதுல காத்து உறிஞ்சப்படும்போது பீப்பி ஊதும், அவ்ளோதான் டெக்னாலஜி. அந்த ஓட்டையையே ஐஸ் மூடிட்டா அது எங்க ஊதப் போகுது.

சரி, இந்த ஐஸ் எங்க இருந்து வருது? 0 டிகிரிக்கு கீழ போனா தண்ணி உறையும்னு ஸ்கூல்ல படிச்சது முழு உண்மை இல்ல. மேகத்துல இருக்குற துளிங்க ரொம்பச் சின்னது, ஒட்டிக்கிட்டு உறைய ஒரு தூசி துரும்பு கிடைக்கலைன்னா மைனஸ் 10, மைனஸ் 15லயும் தண்ணியாவே மிதக்கும். ஃப்ரீசர்ல வெச்ச தண்ணி பாட்டில் சில நேரம் உறையாமயே இருக்கும், வெளிய எடுத்து ஒரு தட்டு தட்டினா டக்குனு முழுக்க ஐஸ் ஆகும், பாத்திருப்பீங்க. மேகத்துல அந்தத் தட்டு தட்டுறது நம்ம ப்ளேன்.

0க்கும் மைனஸ் 10க்கும் நடுவுல பெரிய துளியா இருந்தா அது பட்டவுடனே உறையாம கொஞ்சம் பின்னாடி வழிஞ்சு கண்ணாடி மாதிரி உறையும், அதுதான் க்ளியர் ஐஸ், கெட்டியா ஒட்டிக்கும், பாக்கவும் சரியா தெரியாது. அதுக்கும் கீழ குளிருல சின்னத் துளின்னா பட்ட இடத்துலயே வெள்ளையா பொருபொருன்னு உறையும், அது ரைம் ஐஸ். ரெண்டும் கலந்தும் வரும். எக்ஸாம்ல இதை ரொம்ப கேப்பாங்க, ஆனா மேல இருக்குறப்போ இது எந்த வகைன்னு ஆராய்ச்சி பண்றது டைம் வேஸ்ட்னு நான் நினைக்கிறேன், எந்த வகையா இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான், வெளிய வரணும்.

இதைவிட முக்கியமா தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது, ஒல்லியா இருக்குற பாகத்துலதான் ஐஸ் முதல்ல பிடிக்கும். தடிமனான இறக்கைக்கு முன்னாடி காத்து விலகிப் போறப்போ சின்னத் துளிங்களும் கூடவே விலகிப் போயிடும், ஒல்லியான பொருளுக்கு முன்னாடி அந்த விலகல் ரொம்ப சின்னது, துளி நேரா வந்து மோதும். அதனால ஆன்டெனா, வெளி டெம்பரேச்சர் பாக்குற கம்பி, இறக்கையைத் தாங்குற ஸ்ட்ரட், இதெல்லாம் முதல்ல. வால்ல இருக்குற குட்டி இறக்கையும் மெயின் இறக்கையை விட ஒல்லி, ஸோ இறக்கையில கொஞ்சம்தான் இருக்குன்னு நீங்க திருப்திப்படும்போது வால்ல அதை விட அதிகமா இருக்கும், ஆனா அதை உள்ள இருந்து எட்டிப் பாக்க வழியே இல்ல. இதை மனசுல வெச்சுக்கோங்க, லேண்டிங்ல இதுதான் பிரச்சனை.

நான் இருக்குறது மிச்சிகன், நவம்பர்ல இருந்து எங்க பக்கம் வானம் முழுக்க சாம்பல் கலர் கூரை போட்ட மாதிரி ஆயிடும், ஏன்னா மேற்கே லேக் மிச்சிகன் தண்ணி இன்னும் வெதுவெதுப்பா இருக்கும், அது மேல கனடா பக்கத்துல இருந்து குளிர்காத்து வரும், வழி நெடுக ஈரத்தை உறிஞ்சிட்டு வந்து மேகமா எங்க தலையில இறக்கி வைக்கும். தண்ணி நிறைஞ்ச மேகம், 0க்கு கொஞ்சம் கீழ டெம்பரேச்சர், ஐஸுக்கு இதை விட நல்ல சமையலறை கிடையாது. அதனால இங்க ஓட்டுறவங்க 0 டிகிரி வர்ற உயரமான ஃப்ரீசிங் லெவல், ஐஸ் இருக்கும்னு எச்சரிக்கிற ஏர்மெட், மேகத்தோட அடி எங்க தலை எங்க, மத்த பைலட்டுங்க மேல இருந்து கொடுத்த ரிப்போர்ட்டான பைரெப், இதெல்லாம் பாக்காம சாவியைக் கையில எடுக்க மாட்டாங்க. சட்டமும் அப்படித்தான் சொல்லுது, ஐஸ் இருக்கும்னு கையில இருக்குற தகவலை வெச்சு ஒரு நியாயமான பைலட் எதிர்பாக்க முடியும்னா, கண்ணால ஐஸைப் பாக்கலைன்னாலும் அது தெரிஞ்ச ஐஸ்தான்.

எல்லாம் பாத்துட்டு போயும் மாட்டுறது உண்டு. அதுதான் இந்த போஸ்ட்டோட விஷயமே.

மஸ்கீகன்ல இருந்து ஆன் ஆர்பர் திரும்பிட்டு இருந்தோம், நானும் எங்க க்ளப்ல இருக்குற ஒரு திருச்சிக்கார அண்ணனும், ப்ளேன் க்ளப்போட பழைய கார்புரேட்டர் 172. கருவிங்களை நம்பி மேகத்துக்குள்ளயும் போற இன்ஸ்ட்ருமெண்ட் ப்ளான், 5000 அடி. ஃபோர்காஸ்ட்ல ஃப்ரீசிங் லெவல் 7000, 5000ல ப்ளஸ் 3 காட்டியிருந்தது, ஏர்மெட் எங்க ரூட்ல இல்ல, குளிர்காத்து வர்ற ஃப்ரண்ட் ராத்திரிக்குத்தான்னு சொல்லியிருந்தாங்க. அது சொன்ன டைமுக்கு முன்னாடியே வந்துட்டு இருந்தது. மேகத்துக்குள்ள போயி கொஞ்ச நேரத்துல டெம்பரேச்சர் கேஜ் முள்ளு 0ஐத் தாண்டி மைனஸ் 2க்கு வந்து நின்னுச்சு. கீழ கிளம்பும்போது ப்ளஸ் 6, அதுல இருந்து ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி குறையும்ங்கிற கணக்கை மனசுல போட்டுப் பாத்தா 0 கிட்டத்தட்ட 4000ல இருக்கு, அப்போ 3000ல ப்ளஸ் 2 இருக்கணும். இந்தக் கணக்கை ஐஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டு வெச்சதுதான் பின்னாடி வேலையை ஈஸி ஆக்குச்சு.

அண்ணன் தன் பக்கத்து ஜன்னல் வழியா பாத்துட்டு, "தம்பி, இந்த ஸ்ட்ரட்டைப் பாரு, முன்பக்கம் வெள்ளையா ஒரு கோடு ஓடுது" அப்படின்னாரு. 172ல இறக்கை தலைக்கு மேல, அதோட முன் விளிம்பை சீட்ல இருந்து சரியா பாக்க முடியாது, ஸ்ட்ரட்தான் நமக்குக் கண்ணாடி. என் பக்கமும் அதே கோடு. கீழ டயரோட முன்பக்கம், ஏறுறதுக்கு மிதிக்கிற படியோட ஓரம், எல்லாத்துலயும் மெல்லிசா வெள்ளை. விண்ட்ஷீல்ட் ஓரத்துல இருந்து சொரசொரன்னு உள்பக்கமா பரவிட்டு இருந்தது. வேகம் 110 நாட்ல இருந்து 104க்கு வந்திருந்தது, த்ராட்டிலை நாங்க தொடவே இல்ல.

"அண்ணே, ஹீட் எல்லாம் போடுங்க, நான் கீழ கேக்குறேன்." வேகம் அளக்குற குழாயைச் சூடாக்குற பிட்டோ ஹீட் மேகத்துக்குள்ள வரும்போதே போட்டாச்சு, அவர் கேபின் ஹீட்டை முழுசா இழுத்து எல்லாக் காத்தையும் விண்ட்ஷீல்டுக்குத் திருப்பினாரு, கார்புரேட்டருக்கு சூடான காத்து விடுற கார்ப் ஹீட்டையும் முழுசா இழுத்தாரு. கார்ப் ஹீட் எதுக்குன்னா கார்புரேட்டருக்குள்ள உறையறதுக்கு மட்டும் இல்ல, மூக்குல இருக்குற ஏர் ஃபில்டரை ஐஸ் மூடிட்டாலும் இன்ஜினுக்குக் காத்து வேற வழியில போகும். நான் அந்த ஏரியா ப்ளேன்களை ரேடியோல வழிநடத்துற லான்சிங் அப்ரோச் கன்ட்ரோலர்கிட்ட ஐஸ் பிடிக்குது, உடனே 3000க்கு இறங்கணும்னு சொன்னேன். "உடனே"ங்கிறதை அழுத்திச் சொன்னேன். அந்த கன்ட்ரோலர் மறுபேச்சு இல்லாம இறங்கச் சொல்லிட்டு, லான்சிங் ரன்வே வேணுமான்னு அவராவே கேட்டாரு. நல்ல மனுஷன்.

ஸ்ட்ரட்டுல அந்தக் கோடு கால் இன்ச் கூட இல்ல. 3800 வாக்குல மேகத்துக்குக் கீழ வந்துட்டோம், 3000ல கேஜ் ப்ளஸ் 2 காட்டுச்சு, ஆனாலும் ஐஸ் உடனே போகல. ப்ளஸ் 2ங்கிறது ஐஸை உருக்க ரொம்ப மெதுவான டெம்பரேச்சர். கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்ட்ரட்டுல இருந்த பட்டை ஒரு பக்கமா கழண்டு, நடுங்கி, டப்புனு பிச்சிட்டுப் பின்னாடி போச்சு. அண்ணன் சிரிச்சாரு. நான் வால்ல இருக்குறதும் போயிருக்குமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

ஆன் ஆர்பருக்கு ஓட்டிட்டே போயிருக்கலாம், ஆனா அங்க ரன்வே 3500 அடிதான், லான்சிங்ல 8000 அடிக்கு மேல. ஐஸ் மிச்சம் இருக்குற ப்ளேனை வேகமா இறக்கணும், இறக்கையோட பின் விளிம்புல கீழ விரியுற ஃப்ளாப் இல்லாம இறக்கணும், அது ஓடி நிக்க இடம் வேணும். லான்சிங்ல இறங்கிட்டோம். ஹேங்கர்ல போட்டுட்டு வாடகைக் கார்ல வீட்டுக்குப் போனோம், வீட்டம்மா கேட்ட கேள்விங்க தனி.

நாங்க தப்பிச்சதுல சாமர்த்தியம்னு பெருசா ஒண்ணும் இல்ல, கீழ சூடான காத்து இருந்தது, அது எந்த உயரத்துலன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தது, கேக்குறதுக்குக் கூச்சப்படல. இதுல மூணாவதுதான் பல பேர் கோட்டை விடுற இடம்.

2011 டிசம்பர் 20, நியூ ஜெர்சி டீட்டர்போரோல இருந்து அட்லாண்டா பக்கம் கிளம்பின ஒரு டிபிஎம் 700. எங்க 172 மாதிரி ஓட்டை வண்டி இல்ல, டர்போப்ராப், இறக்கையில ஐஸை உடைக்கிற ரப்பர் பூட்டெல்லாம் இருக்குற ப்ளேன். மேல ஐஸ் இருக்குன்னு கன்ட்ரோலர் முன்கூட்டியே சொல்லியிருந்தாரு, பைலட் போய்ப் பாத்துட்டு சொல்றேன்ங்கிற மாதிரி பதில் சொன்னாரு. உள்ள போனதும் ஐஸ் வேகமா ஏற ஆரம்பிச்சிடுச்சு, இன்னும் உயரம் கேட்டாரு, கன்ட்ரோலர் வேற செக்டார்கிட்ட பேசணும்னு காக்க வெச்சாரு, அந்தக் காத்திருப்புலயே ப்ளேன் கன்ட்ரோல் போயி மோரிஸ்டவுன் பக்கம் 287 ஹைவேல விழுந்தது. அஞ்சு பேரும் போயிட்டாங்க. விபத்தை விசாரிக்கிற என்டிஎஸ்பி காரணம் எழுதினப்போ ரெண்டு விஷயத்தைச் சொன்னாங்க: ஃபோர்காஸ்ட்ல இல்லாத கடுமையான ஐஸ், அப்புறம் அங்க இருந்து சீக்கிரம் வெளிய வர தனக்கு இருக்குற அதிகாரத்தை பைலட் பயன்படுத்தாதது.

இந்த ரெண்டாவது வரியை நான் அடிக்கடி நினைச்சுப்பேன். அமெரிக்க விமான விதியில பாகம் 91ல, 91.3ல தெளிவா இருக்கு, எமர்ஜென்சின்னா அதைச் சமாளிக்கத் தேவையான அளவுக்கு பைலட் அந்தப் பாகத்துல இருக்குற எந்த விதியையும் மீறலாம். கன்ட்ரோலர் பர்மிஷன் கொடுக்குற வரைக்கும் ஐஸ் காத்திருக்காது. ரேடியோல "எமர்ஜென்சி டிக்ளேர் பண்றேன், இறங்குறேன்"னு சொன்னா மத்த ப்ளேனை எல்லாம் அவங்க விலக்குவாங்க, அது அவங்க வேலை. நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு கூடுதல் தயக்கம் உண்டு, பெரிய மனுஷங்ககிட்ட எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு வளந்த பழக்கம், இங்க வந்து இங்கிலீஷ்ல ரேடியோல பேசும்போது அது இன்னும் ஜாஸ்தி ஆகுது. எமர்ஜென்சின்னு சொன்னா லைசன்ஸைப் பிடுங்கிடுவாங்களோன்னு ஒரு பயம் வேற. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, பெரும்பாலும் ஒரு ஃபோன் காலோட முடிஞ்சிடும்.

எந்தப் பக்கம் வெளிய வர்றதுங்கிறது அன்னிக்கு வானம் எப்படி இருக்குங்கிறதைப் பொறுத்தது. கீழ இறங்கினா சூடு கிடைக்கும்னு தெரிஞ்சா, கீழ மலையும் இல்லைன்னா, அதுதான் ஈஸி. மிச்சிகன்ல அது ஒரு வரம், தரையே 900 அடிதான், கொலராடோ பக்கம் ஓட்டுறவங்களுக்கு இந்த வழியே கிடையாது. மேல ஏறுறது எப்போன்னா, மேகத்தோட தலை பக்கத்துலதான் இருக்குன்னு நிச்சயமா தெரிஞ்சா மட்டும். இந்த மாதிரி தட்டையான மேகத்துல தண்ணி அதிகமா இருக்குறது தலைக்குக் கொஞ்சம் கீழதான், ஸோ வெளிச்சம் தெரியுது இன்னும் கொஞ்சம்தான்னு ஏறுற அந்தக் கடைசி 500 அடியிலதான் ஐஸ் மளமளன்னு ஏறும். 172 மாதிரி ப்ளேன் ஏற்கனவே 5000 அடிக்கு மேல சோம்பேறி, ஐஸோட அது ஏறவே ஏறாம நின்னுடலாம், நின்னதும் நாம மூக்கை இன்னும் தூக்குவோம், மூக்கைத் தூக்கினா இறக்கையோட அடிப்பக்கமும் துளிக்குக் காட்டினதா ஆகும், பூட்டோ ஹீட்டோ எதுவும் போகாத இடத்துல ஐஸ் படியும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்ங்கிற நிலைமை அது. பின்னாடி திரும்புறது ஒண்ணுதான் எப்பவும் கையில இருக்குற வழி, ஏன்னா அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி நாம இருந்த காத்துல ஐஸ் இல்லைன்னு நமக்கு நிச்சயமா தெரியும்.

ஃப்ரீசிங் ரெயின் மட்டும் இதுக்கெல்லாம் விதிவிலக்கு. அது உறையாத மழையா கீழ வருதுன்னா மேல எங்கயோ சூடான ஒரு அடுக்கு இருக்குன்னு அர்த்தம், அங்க உருகி, கீழ இருக்குற குளிர் அடுக்குல விழுந்துட்டு இருக்கு. அதனால அதுல மாட்டினா கீழ போறது இன்னும் மோசம், உடனே மேல அந்தச் சூட்டுக்குள்ள ஏறணும், இல்ல திரும்பணும். தரையில குட்டி குட்டியா ஐஸ் மணி விழுதுன்னா மேல ஃப்ரீசிங் ரெயின் இருக்குன்னு எடுத்துக்கலாம், அந்த மாதிரி நாள்ல ப்ளேனை ஹேங்கர்லயே விட்டுட்டு காபி குடிக்கலாம்.

ஆட்டோபைலட் வெச்சிருக்குறவங்க முதல்ல அதை ஆஃப் பண்ணிடுங்க. உயரத்தைப் பிடிச்சு வைக்கச் சொன்னா அது சத்தமே போடாம மூக்கோட நிலையைப் பிடிச்சு வைக்கிற ட்ரிம்மை சுத்திக்கிட்டே மூக்கைத் தூக்கிக்கிட்டே போகும், வேகம் குறையும், நாம விண்ட்ஷீல்டைப் பாத்துட்டு இருப்போம், முடியாத கட்டத்துல அது தானா கழண்டு மொத்த பாரத்தையும் ஒரே நொடியில நம்ம கையில கொடுத்துட்டுப் போயிடும். கையால ஓட்டினா ப்ளேன் கனமாகுறது, கன்ட்ரோல் கொழகொழன்னு ஆகுறது விரல்ல தெரியும்.

லேண்டிங் விஷயத்துக்கு வர்றேன். மேகத்தை விட்டு வெளிய வந்தா பல பேர் முடிஞ்சதுன்னு மூச்சு விடுவாங்க, ஆனா ஐஸ் இன்னும் கூடவே வருது. செஸ்னா புக்ல இந்த சூழ்நிலைக்குன்னே ஒரு செக்லிஸ்ட் இருக்கு, அதுல ஃப்ளாப்பை விரிக்காதன்னு எழுதியிருப்பாங்க. ஏன்னா ஃப்ளாப் விரிச்சதும் இறக்கையைத் தாண்டி வர்ற காத்து இன்னும் செங்குத்தா கீழ பாத்து வாலை அடிக்கும், வால்ல ஐஸ் இருந்தா அந்தக் கோணம் தாங்காம வால் ஸ்டால் ஆகி மூக்கு தடால்னு கீழ குத்தும். க்ளீவ்லேண்ட்ல இருக்குற நாசா சென்டர்ல ஒரு ட்வின் ஆட்டர் ப்ளேனை வெச்சு இதை வருஷக்கணக்குல பறந்து பாத்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இதுல தலைவலி என்னன்னா வால் ஸ்டாலுக்கு கன்ட்ரோலைப் பின்னாடி இழுத்து ஃப்ளாப்பை மடக்கணும், சாதா இறக்கை ஸ்டாலுக்கு முன்னாடி தள்ளணும், ரெண்டும் நேர் எதிர். தரைக்கு 500 அடி மேல எது எதுன்னு யோசிச்சு முடிக்கிற ஆள் நான் இல்ல. அதனால ஃப்ளாப்பையே தொடாம விட்டுடுறது எனக்கு சரியாப் படுது, அப்போ முதல் குழப்பமே வராது, இறக்கை ஸ்டால் மட்டும்தான் மிச்சம், அதுக்கு வேகம் இருந்தா போதும்.

172 புக்ல அப்ரோச் 65ல இருந்து 75 நாட், ஐஸ் எவ்ளோ இருக்குங்கிறதைப் பொறுத்து. நான் 75லயே வந்தேன், பவரை ரன்வேக்கு மேல வர்ற வரைக்கும் முழுசா எடுக்கல, திரும்பும்போது சாய்வு ரொம்பக் கம்மியா, மூக்கைத் தூக்கி நிறுத்தாம கிட்டத்தட்ட தட்டையாவே இறக்கினேன். முன்னாடி கண்ணாடி மூடியே இருந்தா ப்ளேனை ஒருபக்கமா ஸ்லிப் பண்ணி பக்கவாட்டு ஜன்னல் வழியா ரன்வேயைப் பாத்து இறங்கலாம்னும், முடிஞ்சா இடது ஜன்னலைத் திறந்து கையை விட்டு கண்ணாடியில கொஞ்சம் சுரண்டலாம்னும் அதே செக்லிஸ்ட்ல இருக்கு. எங்களுக்கு டீஃப்ராஸ்ட் காத்து படுற கீழ்ப் பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தெளிவா இருந்தது, அது போதுமானதா இருந்தது.

"அப்போ ஐஸைச் சமாளிக்கிற ப்ளேனா வாங்கிட்டா?"ன்னு க்ளப்ல ஒருத்தர் கேட்டாரு. வாங்கலாம், காசு இருந்தா. சிரஸ் கம்பெனி ப்ளேன்ல டிகேஎஸ்னு இறக்கை முன் விளிம்புல ஊசி ஓட்டை வழியா க்ளைக்கால் கசியுற சிஸ்டம் வருது, பிரிட்டன்ல ரெண்டாம் உலகப்போர் காலத்துல வந்த ஐடியா, நல்லா வேலை செய்யும், ஆனா டேங்க்ல திரவம் தீர்ந்தா கதை முடிஞ்சது. ஐஸுக்கு சர்டிஃபிகேட் வாங்கின ப்ளேனா இருந்தாலும் அது எல்லா ஐஸுக்கும் வாங்கினது இல்ல. 1994 அக்டோபர் 31ல இந்தியானா ரோஸ்லான்ல விழுந்த ஏடிஆர் 72ஐப் பாருங்க, பயணிகள் ப்ளேன், பூட் எல்லாம் இருந்தது, 10000 அடியில ரொம்ப நேரம் சுத்திக்கிட்டு காத்திருந்தாங்க, பெரிய துளிங்க, சர்டிஃபிகேட் டெஸ்ட்ல கணக்குல எடுத்ததை விடப் பெருசு, பூட்டுக்குப் பின்னாடி வழிஞ்சு போயி அங்க ஒரு வரப்பு கட்டிடுச்சு, ப்ளேனைப் பக்கவாட்டுல சாய்க்கிற எய்லரான் தானா திரும்பி ப்ளேன் உருண்டுடுச்சு. 68 பேர். என் அபிப்பிராயம், இந்த சிஸ்டம் எல்லாம் வெளிய வர்றதுக்கான டைமை வாங்கிக் கொடுக்குது, உள்ள உக்காந்து இருக்க லைசன்ஸ் கொடுக்கல.

தமிழ்நாட்டுல ட்ரெயினிங் எடுக்குற பசங்க ரெண்டு மூணு பேர் இதைப் படிக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணு. இறக்கையில ஐஸை நீங்க அங்க பாக்குறது கஷ்டம், ஆனா கார்புரேட்டர் ஐஸ் உங்க ஏரியாதான். கார்புரேட்டர் கழுத்துல காத்து விரியும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் டெம்பரேச்சர் 20 டிகிரிக்கு மேலயே விழும், அதனால வெளிய 25 டிகிரி, கடல் காத்து ஈரம், வானம் நீலமா இருக்குற நாள்லயும் உள்ள ஐஸ் கட்டும், முக்கியமா பவரைக் குறைச்சு இறங்கும்போது. ஆர்பிஎம் காரணமே இல்லாம மெதுவா குறைஞ்சா கார்ப் ஹீட்டை முழுசா இழுங்க, பாதி இழுக்காதீங்க. இழுத்ததும் உருகின தண்ணி இன்ஜினுக்குள்ள போயி இன்ஜின் இன்னும் மோசமா இருமும், பயந்து போய் திரும்ப உள்ள தள்ளிடாதீங்க, கொஞ்ச நேரம் விட்டா சரியாகும்.

லான்சிங்ல இறங்குறதுக்கு முன்னாடி கன்ட்ரோலர் எங்ககிட்ட பைரெப் கேட்டாரு: எந்த உயரம், என்ன டெம்பரேச்சர், ஐஸ் எவ்ளோ, என்ன ப்ளேன். 5000, மைனஸ் 2, லைட் ரைம், 172, மேகத்தோட அடி 3800, ஃபோர்காஸ்ட்ல இல்லைன்னு சொன்னேன். எங்களுக்குப் பின்னாடி கிராண்ட் ராபிட்ஸ்ல இருந்து கிளம்பின ஒரு பைப்பர் ப்ளேன்காரர் அதே ஃப்ரீக்வென்சியில அதைக் கேட்டுட்டு உடனே 3000தான் வேணும்னு மாத்திக்கிட்டாரு. காலையில நாங்க ப்ரீஃபிங் பாத்தப்போ அந்த ரூட்ல ஒரு பைரெப் கூட இல்ல. ஐஸ் இல்லாம மேகத்தைத் தாண்டி வந்தாலும் "ஐஸ் இல்ல"ன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போங்க, அடுத்து கிளம்புறவனுக்கு அதுவும் அதே அளவு தேவை.